கடலை விட்டுவிட்டுக் காட்டுகிற செட்டிநாடு: சுற்றுலாத் திட்டம் போடுகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

செட்டிநாட்டுச் சுற்றுலாவுக்குத் திட்டம் போடுகிற அதிகாரிகளுக்கும், பயண ஏற்பாட்டாளர்களுக்கும், மாளிகைகளை விடுதியாக்கி நடத்துகிற அண்ணன்மார், ஆச்சிமார் எல்லோருக்கும்,

வணக்கம். நான் காரைக்குடியில் வாடகைக் கார் ஓட்டுகிறேன். இருபத்திரண்டு வருஷமாகிறது. அம்பாசிடரில் ஆரம்பித்து இப்போது இன்னோவாவில் நிற்கிறேன். நீங்கள் கூட்டம் போட்டு முடிவு செய்கிற இடங்களுக்கு ஆட்களைக் கொண்டுபோய் இறக்கிவிடுகிறவன் நான். இறங்கும்போது அவர்கள் முகம் எப்படி இருந்தது, திரும்ப ஏறும்போது எப்படி இருந்தது என்று கண்ணாடியில் பார்க்கிறவனும் நான்தான். அந்த உரிமையில் எழுதுகிறேன்.

நாம் எல்லோரும் சேர்ந்து நடத்துகிற வழக்கமான சுற்று உங்களுக்கே தெரியும். காலையில் கானாடுகாத்தான். அரண்மனையை வெளியில் நின்று பார்த்துவிட்டு, உள்ளே விடுகிற வீடு ஒன்று. அப்புறம் ஆத்தங்குடியில் ஒரு பெரிய வீடு, ஒரு டைல்ஸ் பட்டறை. மதியம் வாழை இலைச் சாப்பாடு. சாயங்காலம் முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய சாமான் கடைகள். நேரம் மிச்சமிருந்தால் பிள்ளையார்பட்டி, இல்லையென்றால் திருமயம் கோட்டை. இதில் எதையும் குறை சொல்ல மாட்டேன், என் அடுப்பு எரிவதே இதில்தான். ஆனால் முதல் வீட்டில் அண்ணாந்து பார்த்து வாயைப் பிளந்தவர்கள் மூன்றாவது வீட்டில் குனிந்து செல்போனைப் பார்க்கிறார்கள்.

எல்லா வீட்டிலும் ஒரே பாட்டு. தேக்கு பர்மாவிலிருந்து வந்தது, மார்பிள் இத்தாலியிலிருந்து வந்தது, கண்ணாடி பெல்ஜியத்திலிருந்து வந்தது. ஒரு தடவை கோயம்புத்தூர்ப் பையன் ஒருவன், பத்து வயது இருக்கும், கேட்டான்: "கப்பல்ல வந்துச்சுன்னா கடல் எங்க இருக்கு அங்கிள்?" வழிகாட்டித் தம்பி சிரித்துவிட்டு அடுத்த அறைக்குப் போய்விட்டார். நான் வாசல் திண்ணையில் உட்கார்ந்திருந்தேன். எனக்கு அந்தக் கேள்வி உறைத்தது. காரைக்குடியிலிருந்து தொண்டிக் கடல் 60 கிலோமீட்டருக்குள்தான். வீட்டு மட்டம் இவ்வளவு உயரமாக இருப்பதற்குக் காரணம், காவிரிப்பூம்பட்டினத்தில் கடல் பொங்கி ஊரை இழந்த பயம் என்று சொல்லுகிறோம். இந்த வீடுகளைக் கட்டிய செட்டிமார், அதாவது நகரத்தார், அவர்கள் சரித்திரமே கடலில் ஆரம்பித்து, கடல் தாண்டிப் போய் வளர்ந்து, வீட்டில் வந்து நிற்கிறது. நாம் வீட்டை மட்டும் காட்டி அனுப்பிவிடுகிறோம்.

நான் கேட்பது இவ்வளவுதான்: செட்டிநாட்டுச் சுற்றில் ஒரு நாளைக் கடலுக்குக் கொடுங்கள்.

இது புதுசாக ஒட்டவைக்கிற உறவு இல்லை. 1985 வரை காரைக்குடியும் தொண்டியும் ஒரே ராமநாதபுரம் மாவட்டம். அந்த வருஷம் மாவட்டத்தை மூன்றாகப் பிரித்தபோது காரைக்குடி சிவகங்கைப் பக்கம் வந்தது, தொண்டி ராமநாதபுரத்திலேயே நின்றுவிட்டது. ஆவுடையார்கோயிலும் மீமிசலும் புதுக்கோட்டையில். ஒரே நாள் ஓட்டத்தில் மூன்று மாவட்ட எல்லைப் பலகைகளைத் தாண்டுகிறேன். வண்டிக்கு அது தெரிவதில்லை. காகிதத்துக்குத்தான் தெரிகிறது. சுற்றுலா வரைபடம் என்று கையில் கிடைப்பது எதுவானாலும் மாவட்ட எல்லைக் கோட்டோடு முடிந்துவிடும், அதற்கு அப்பால் ஊரே இல்லாத மாதிரி. ராமேஸ்வரம் போகிறவர்கள் கிழக்குக் கடற்கரைச் சாலையில் எங்கள் பக்கத்தைத் தாண்டிப் பறக்கிறார்கள். எங்கள் பக்கம் வருகிறவர்கள் கடல் பக்கம் திரும்புவதே இல்லை.

போன தையில், பொங்கல் கழிந்த பிறகு, ஒரு குடும்பத்தைக் கூட்டிப் போனேன். அந்த ஒரு நாளைச் சொன்னால் நான் சொல்ல வருவது விளங்கும்.

எண்பத்தொரு வயது ஆச்சி, அவர் மகன், மருமகள், சிங்கப்பூரில் வேலை பார்க்கிற பேத்தி. பூர்வீகம் தேவகோட்டை, இருப்பது சென்னையில். மகன் வழக்கமான சுற்றுக்குத்தான் முன்பணம் கட்டியிருந்தார். முதல் நாள் ராத்திரி விடுதி முற்றத்தில் உட்கார்ந்து மறுநாள் திட்டத்தைச் சொன்னேன். ஆச்சி கையை அசைத்து நிறுத்திவிட்டார்.

"வீட்ட என்னத்தத் தம்பி பாக்குறது? நான் பொறந்து வளந்ததே அதுக்குள்ளதான். என்னயக் கடலுக்குக் கூட்டிட்டுப் போ."

"மெட்ராஸ்லயே கடல் இருக்கே ஆச்சி" என்றேன்.

"அது பஜாரு. எங்க ஐயா தோணி ஏறுன கடலச் சொல்றேன்."

ஐந்தரைக்கே கிளம்ப வேண்டும் என்றேன். இந்தப் பாதையில் முதல் விதி அது. கோயில் நடை உச்சிப் பொழுதில் சாத்தினால் நாலு மணிக்குத்தான் திறப்பார்கள். எட்டு மணிக்கு இட்லி சாப்பிட்டுவிட்டு ஒன்பதரைக்குக் கிளம்புகிறவர்கள் பூட்டிய கோபுரக் கதவைப் பார்த்துவிட்டு வரலாம். விடுதிக்காரர்களிடம் ஒரு சின்ன வேண்டுகோள்: காலைச் சாப்பாட்டைக் கட்டிக் கொடுக்கப் பழகுங்கள். அன்றைக்குக் கானாடுகாத்தான் விடுதியின் சமையற்கார அக்கா நாலு மணிக்கே எழுந்து இட்லியில் மிளகாய்ப்பொடி தடவி வாழை இலையில் பொட்டலம் கட்டிக் கொடுத்தார். அறந்தாங்கி தாண்டி ஒரு கண்மாய்க் கரையில் நிறுத்திச் சாப்பிட்டோம். எந்த மாளிகைச் சாப்பாட்டையும் விட அதைத்தான் அந்தப் பேத்தி அதிகம் படம் எடுத்தது.

ஆவுடையார்கோயில் போனபோது ஏழே கால். மாணிக்கவாசகர் பாடிய திருப்பெருந்துறை. கொடுங்கையை, அதாவது வளைந்து இறங்குகிற கல் கூரை விளிம்பை, பார்க்க எல்லோரும் தலையைப் பின்னால் சாய்த்தார்கள். கல்லை மரச்சட்டம் மாதிரி இழைத்து, குறுக்குச் சட்டம் கொடுத்து, ஆணி அடித்தாற்போல் குமிழ் வைத்து முடித்திருக்கிறார்கள். அந்தக் காலச் சிற்பிகள் வேலைக்கு ஒப்பந்தம் எழுதும்போது ஆவுடையார்கோயில் கொடுங்கை நீங்கலாக என்று எழுதிக்கொள்வார்களாம். அதாவது மற்றதெல்லாம் செய்து தருகிறோம், அது மட்டும் எங்களால் ஆகாது. எனக்குத் தெரிந்த கட்டடக் காண்ட்ராக்டர்கள் யாரும் இவ்வளவு நேர்மையாக எழுதிக் கொடுப்பதில்லை.

ஆனால் அந்தக் குடும்பத்தைப் பிடித்து நிறுத்தியது கொடுங்கை இல்லை, ஆவி. இந்தக் கோயில் கருவறையில் லிங்கம் கிடையாது, லிங்கம் உட்காருகிற பீடமான ஆவுடை மட்டும்தான். எதிரே நந்தியும் இல்லை. புழுங்கல் அரிசிச் சோற்றை வடித்து, சூடு ஆறுவதற்குள் கொண்டுவந்து கருவறைக்கு முன்னால் இருக்கிற படைகல்லில் கொட்டிப் பரப்புவார்கள். கீரையும் பாகற்காயும் உண்டு. சோற்றிலிருந்து எழும்புகிற ஆவிதான் சாமிக்கு நைவேத்தியம். உருவமில்லாத சாமிக்கு உருவமில்லாத சாப்பாடு. மணி அடிக்க, விளக்கு வெளிச்சத்தில் அந்த ஆவி மேலே போய்க் கல்லில் படிவதைப் பார்த்துக்கொண்டு பேத்தி அசையாமல் நின்றது. கையில் செல்போன் இருந்தது, எடுக்கவில்லை. படம் எடுக்கக் கூடாது என்பது வேறு விஷயம்.

இங்கே கடல் எங்கிருந்து வந்தது என்று கேட்பீர்கள். பாண்டிய ராஜா மாணிக்கவாசகரை இந்தப் பக்கம் அனுப்பியது எதற்கு? குதிரை வாங்க. குதிரை அன்றைக்குக் கப்பலில் வந்து இறங்கியது. கையில் ராஜா கொடுத்த பொன். வழியில் குருந்த மரத்தடியில் குரு உட்கார்ந்திருந்தார், குதிரைப் பணம் கோயிலுக்குப் போய்விட்டது. இன்றைக்கு என்றால் ஆடிட்டில் மாட்டியிருப்பார். பெருந்துறை என்கிற பெயரிலேயே துறை இருக்கிறது. இதைச் சொன்னதும் ஆச்சியின் மகன், அதுவரை பின் சீட்டில் மெயில் பார்த்துக்கொண்டு வந்தவர், முன் சீட்டுக்கு மாறி உட்கார்ந்தார்.

மீமிசல் போய்க் கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கே திரும்பினோம். பேர்தான் கடற்கரைச் சாலை. கடல் கண்ணில் படுவது அபூர்வம். இரண்டு பக்கமும் சீமைக் கருவேலம், இடையிடையே பனை, இறால் பண்ணைக் குட்டைகளில் தண்ணீரை அடித்துக்கொண்டு சுற்றுகிற சக்கரங்கள். காற்றில் மட்டும் கருவாட்டு வாசனை, கடல் எங்கேயோ பக்கத்தில்தான் இருக்கிறது என்று சொல்லிக்கொண்டே வரும். எந்த இடத்தில் இடது பக்கம் திரும்பினால் கரைக்குப் போகலாம் என்று தெரிந்தவன் ஓட்டினால்தான் கடல்.

திருப்புனவாசலில் பெரிய லிங்கம். ஊர்ப் பக்கம் ஒரு சொலவடை உண்டு: மூன்று முழமும் ஒரு சுற்று, முப்பது முழமும் ஒரு சுற்று. லிங்கத்துக்குச் சாத்துகிற வேட்டி மூன்று முழம், கீழே ஆவுடைக்கு முப்பது முழம், இரண்டும் ஒரே சுற்றுத்தான் வரும். குருக்கள் சொல்ல வாயெடுப்பதற்குள் ஆச்சி முழுசாகச் சொல்லி முடித்துவிட்டார். சின்ன வயதில் கேட்டதாம். வந்து பார்ப்பது இதுதான் முதல் தடவை.

பக்கத்தில் ஓரியூர். லிஸ்பனில் பிறந்து இங்கே வந்து அருளானந்தர் என்று பேர் வாங்கிய பாதிரியார், ஜான் டி பிரிட்டோ, 1693 பிப்ரவரி 4 அன்று கொல்லப்பட்ட இடம். அங்கே மண் சிவப்பாக இருக்கும், அதைப் பக்தியோடு எடுத்துப் போகிறவர்கள் உண்டு. நேரம் இல்லாததால் அன்றைக்குப் போகவில்லை. ஒரே நாளில் எல்லாவற்றையும் திணிக்கக் கூடாது என்பது இரண்டாவது விதி.

அடுத்துத் தீர்த்தாண்டதானம். சாலையிலிருந்து கொஞ்சம் உள்ளே, கடலை ஒட்டி ஒரு சிவன் கோயில். ஆடி அமாவாசைக்கும் தை அமாவாசைக்கும் கூட்டம் அலைமோதும், மற்ற நாளில் காக்கையும் கடல் காற்றும்தான். இந்த இடத்தைப் பற்றி எனக்குச் சொல்லிக் கொடுத்தவர், ஒரு காலத்தில் என் வண்டியில் வந்த, ஓய்வு பெற்ற சரித்திர வாத்தியார். 13ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு ஒன்று இங்கே இருக்கிறது. அஞ்சுவண்ணம், மணிக்கிராமம் முதலான வணிகக் குழுக்கள் கூடிப் பேசி, தங்கள் சரக்கு மேல் ஒரு தொகை வைத்து இந்தக் கோயில் திருப்பணிக்குக் கொடுப்பதாக ஒத்துக்கொண்ட கல்வெட்டு. அஞ்சுவண்ணம் என்பது கடல் தாண்டி மேற்கேயிருந்து வந்து வியாபாரம் பண்ணிய கூட்டம். வேறு சாமி கும்பிட்டவர்கள். சரக்கு மேல் மகமை வைத்துத் தர்மம் பண்ணுகிற வழக்கம் எங்கள் ஊர்க் கடைவீதிகளுக்குப் புதுசில்லை. எழுநூறு வருஷத்துக்கு மேலாகக் கல்லில் அது உட்கார்ந்திருக்கிறது, படிக்கத்தான் யாருக்கும் தெரியவில்லை. நான் போன அன்றைக்கு இதைச் சொல்ல ஒரு பலகைகூட என் கண்ணில் படவில்லை. செட்டிநாட்டு மாளிகைக்கு வருகிறவர்களுக்கு இந்தக் கோயில் வாசலில் பத்து நிமிஷம் கொடுத்துப் பாருங்கள். "கப்பலில் வந்தது" என்கிற அந்த ஒரு வரிக்கு அங்கே ரத்தமும் சதையும் வரும்.

சரி, இனி கசப்பான பகுதி.

மதியம் பன்னிரண்டே கால். கடற்கரை ஊர் ஒன்று. பேர் சொல்லப் போவதில்லை, சொன்னால் அங்கே இருக்கிற யாரோ ஒரு கடைநிலை ஊழியரைப் பிடித்துத் திட்டுவீர்கள். ஆச்சிக்குக் கழிப்பறை தேவைப்பட்டது. எண்பத்தொரு வயதில் அது காத்திருக்கிற விஷயம் இல்லை. கரைக்குப் போகிற வழியில் அழகான கழிப்பறைக் கட்டடம், சுவரில் டால்பின் படம், கதவில் பூட்டு. பூட்டு துருப்பிடித்திருந்தது. பக்கத்துப் பெட்டிக்கடையில் கேட்டேன். சாவி ஒருவரிடம் இருக்கிறது, அவர் சாப்பிடப் போயிருக்கிறார் என்றார்கள். எப்போது வருவார்? அவர் போய் நாலு மாசமாகிறது என்று இன்னொருவர் சொன்னார். கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்கு சிரிப்பு வரவில்லை. மருமகள் ஆச்சியின் முழங்கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஆச்சி யார் முகத்தையும் பார்க்கவில்லை.

எதிர் வீட்டிலிருந்து தலையில் துப்பட்டாவை இழுத்துப் போட்டுக்கொண்டு ஒரு அம்மா வந்தார். யாரும் எதுவும் கேட்கவில்லை. "உள்ள வாங்கம்மா" என்று ஆச்சி கையைப் பிடித்து நேராகக் கூட்டிப் போய்விட்டார்.

பத்து நிமிஷம் கழித்து எங்களையும் உள்ளே கூப்பிட்டார்கள். டீ வேண்டாம் என்றால் விடுகிற வீடு இல்லை அது. அடுப்படி வாசலில் ஒரு எனாமல் தூக்குவாளி இருந்தது. வெளிர் பச்சை, விளிம்பில் நீலக் கோடு, மூடியில் ஒரு இடத்தில் சில்லுப் போய்க் கறுப்பு தெரிந்தது. ஆச்சி அதை விரலால் தட்டிப் பார்த்தார்.

"ரங்கூன் தூக்கா?"

"எங்க வாப்பாவோட வாப்பா கொண்டாந்தது" என்றார் அந்த அம்மா.

"எங்க வீட்டுல இதே மாதிரி செவப்பு இருந்துச்சு. எந்தப் பங்காளி வீட்டுக்குப் போச்சோ."

முனீஸ்வரன் கோயில் தெருவில் இதே சாதிச் சாமான் கண்ணாடி அலமாரியில் விலைச்சீட்டோடு நிற்கும். ஆச்சியின் மகன் பழக்க தோஷத்தில், "இத விப்பீங்களாக்கா?" என்று கேட்டுவிட்டார். ஆச்சி, "சும்மா இருடா" என்று அதட்டினார். அந்த அம்மா மூடியைத் திறந்து காட்டினார். உள்ளே கல் உப்பு. "வித்துட்டா உப்ப எதுல வைக்கிறது?"

வண்டியில் ஏறிய பிறகும் ஆச்சி அந்த வீட்டைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தார். அந்த மாளிகைகளில் எத்தனை ஆயிரம் பேருக்கு எத்தனை தூக்குவாளி காட்டியிருப்போம்? உப்புப் போட்டு வைத்திருக்கிற தூக்குவாளியை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். ஆனால் இதைச் சாக்காக வைத்து, ஊர் ஜனங்கள்தான் உதவுகிறார்களே என்று யாரும் இருந்துவிடாதீர்கள். வருகிற பயணிகளுக்கெல்லாம் கதவைத் திறந்துவிடுவது அந்த அம்மாவின் வேலை இல்லை.

தொண்டி. கொச்சியில் தொடங்கி மூணாறு, தேனி, மதுரை, சிவகங்கை என்று வருகிற தேசிய நெடுஞ்சாலை 85 இங்கே வந்துதான் முடிகிறது. அந்தக் கடலில் ஆரம்பித்து இந்தக் கடலில் முடிகிற சாலை. அதைச் சொல்லி ஒரு கல் நட்டாலே பத்துப் பேர் இறங்கிப் படம் எடுப்பார்கள். கரையில் நாட்டுப் படகுகள், வலை பிரித்துக்கொண்டிருந்த நாலைந்து பேர், வெயில். ஆச்சி செருப்பைக் கழற்றி மருமகளிடம் கொடுத்துவிட்டுக் கணுக்கால் தண்ணீரில் போய் நின்றார். பாக் நீரிணைக் கடல் பொதுவாகச் சாது. ராமேஸ்வரம் பக்கம் இதைப் பெண்கடல் என்பார்கள், அந்தப் பக்கம் மன்னார் வளைகுடா ஆண்கடல்.

"என்ன தம்பி, கம்மாக் கர மாதிரில்ல இருக்கு" என்றார். அப்புறம் ரொம்ப நேரம் பேசவில்லை.

அவருடைய ஐயா, அதாவது அப்பாவைப் பெற்ற தாத்தா, சிலோனுக்குக் கொண்டுவிற்கப் போனவர். போனால் மூன்று வருஷக் கணக்கு. கணக்கை முடித்து ஒப்படைத்துவிட்டுத்தான் ஊர் திரும்புவது. ஆச்சியின் அப்பத்தா தேவகோட்டை வீட்டில், கடலைப் பார்க்காமலேயே, அந்த மூன்று வருஷத்தையும் எண்ணியிருக்கிறார். "இங்கன வரைக்கும் மாட்டு வண்டியில வந்து வழி அனுப்பணும்னு கேட்டாகளாம். பொம்பளைக்கு என்னா வேலைன்னுட்டாகளாம்" என்றார் ஆச்சி. இதைக் கேட்டுக்கொண்டிருந்த பேத்தி தானும் செருப்பைக் கழற்றிவிட்டு ஆச்சி பக்கத்தில் போய் நின்றுகொண்டது. அது மட்டும் படம் எடுத்தேன், அவர்கள் செல்போனில்.

தொண்டிக்குத் தெற்கே காரங்காட்டில் மதியச் சாப்பாடு. முதல் நாளே போன் செய்து சொல்லியிருந்தேன். மீனவர் ஊர், செங்கோல் மாதா கோயில், ஊரை ஒட்டி அலையாத்திக் காடு. வனத்துறையும் ஊர்க்காரர்களும் சேர்ந்து படகு விடுகிறார்கள். ஊர்ப் பெண்கள் சமைத்த நண்டுக் குழம்பு. செட்டிநாட்டு நண்டு மசாலா என்று நம் ஓட்டல்களில் சாப்பிடுகிறார்களே, அந்த நண்டுக்குக் காரைக்குடியில் என்ன வேலை? அது இந்தக் கடலிலிருந்து ஏறி வந்தது. மசாலா நம்முடையது, நண்டு அவர்களுடையது. படகில் போனபோது அலையாத்தி மரங்களின் மூச்சு வேர்கள் சேற்றிலிருந்து ஊசி ஊசியாக நீட்டிக்கொண்டிருந்தன. ஓட்டிய பையன் ஓரிடத்தில் மோட்டாரை நிறுத்திவிட்டு, "இனி பேசாதீங்க" என்று மட்டும் சொன்னான். கொக்கும் நீர்க்காகமும் கிளம்பாமல் அப்படியே உட்கார்ந்திருந்தன. வழிகாட்டுவது என்றால் இப்படி. நம் பக்கத்துத் தம்பிகளை அங்கே ஒரு வாரம் அனுப்பலாம்.

திரும்பும்போது திருவாடானை. சாயங்கால வெயில் கோபுரத்தில். வருணனின் மகன் சாபம் வாங்கி ஆட்டுத் தலையும் யானை உடம்புமாக வந்து சிவனைக் கும்பிட்ட ஊர் என்பது தலபுராணம். ஆடு, ஆனை, ஆடானை. கடல் ராஜாவின் பிள்ளைக்கே கரையேறிப் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் நடந்து வரத் தோன்றியிருக்கிறது. நாம் அந்தத் தூரத்தைத் திரும்பிப் போக யோசிக்கிறோம். தேவகோட்டை வழியாகக் காரைக்குடி வந்து சேர ஏழு மணி. காலையில் கிளம்பி ராத்திரிச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிட்ட ஒரே வட்டம்.

இவ்வளவு நல்ல பாதையில் ஓட்டுநர்கள் ஏன் ஆட்களைக் கூட்டிப் போவதில்லை? உண்மையைச் சொல்லிவிடுகிறேன், நானும் அதில் சேர்த்தி. பழைய சாமான் கடையில் வாங்குகிற சாமானுக்கு எங்களுக்குக் கமிஷன் உண்டு. சில சாப்பாட்டு இடங்களிலும் உண்டு. கல்வெட்டுக்குக் கமிஷன் கிடையாது. கடற்கரைக்குப் போனால் டீசல் செலவு அதிகம், கமிஷன் இல்லை, கழிப்பறைக்குப் பதில் சொல்ல வேண்டியவனும் நானே. பயண ஏற்பாட்டாளர்களே, கடல் நாளுக்கு ஓட்டுநர் படியைக் கொஞ்சம் கூட்டிப் பேசுங்கள். அந்தப் பக்கம் வண்டிகள் தானாகத் திரும்பும்.

அதிகாரிகளிடம் கேட்பதற்குப் பெரிய பட்டியல் இல்லை. மூன்று மாவட்டத்தையும் ஒரே தாளில் அச்சடித்த ஒரு வரைபடம். அதில் கோயில் நடை திறக்கிற, சாத்துகிற நேரம். தீர்த்தாண்டதானத்தில் அந்தக் கல்வெட்டு என்ன சொல்கிறது என்று நாலு வரித் தமிழில் ஒரு பலகை. கடற்கரைச் சாலையிலிருந்து கரைக்குத் திரும்புகிற இடங்களில் அம்புக்குறி. நிழலுக்கு நாலு புங்க மரம், சிமெண்டுக் குடை வேண்டாம், அது மத்தியானத்தில் அடுப்பு மாதிரி காய்கிறது.

வேண்டாம் என்று சொல்ல வேண்டியதுதான் அதிகம். கடற்கரையில் ஊர்ப் பேரை ஆளுயர எழுத்தில் நட்டு, பின்னால் இதயம் வைக்காதீர்கள். மீன் ஏலம் நடக்கிற இடத்துக்குப் பஸ் நிறைய ஆட்களைக் கொண்டுபோய்க் கொட்டாதீர்கள். ஜெகதாப்பட்டினம், கோட்டைப்பட்டினம் பக்கம் விசைப்படகுகள் வாரத்தில் மூன்று நாள்தான் கடலுக்குப் போகலாம், மற்ற நாள் நாட்டுப் படகுக்கு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். போன படகு திரும்புமா என்று வீட்டில் காத்திருக்கிற ஜனங்கள் அவர்கள். அந்தக் கரை தொழில் நடக்கிற இடம், குறுக்கே நின்று செல்பி எடுக்கிற இடம் இல்லை.

இன்னொன்று. தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கரையை ஒட்டி 448 சதுர கிலோமீட்டர் கடலை 2022-இல் கடல் பசுக்களுக்கான பாதுகாப்பகமாக அறிவித்தார்கள். மீனவர்கள் ஆவுளியா என்பார்கள். கடலுக்கு அடியில் புல் மேய்கிற கூச்ச சுபாவி, ஆள் சத்தம் கேட்டால் நகர்ந்துவிடும். அடுத்து என்ன நடக்கும் என்று எனக்கு இப்போதே தெரிகிறது. ஆவுளியா காட்டுகிறேன் என்று யாராவது ஸ்பீட் போட் விடுவார்கள். முதல் படகிலேயே நிறுத்திவிடுங்கள். அது அங்கே இருக்கிறது என்று கரையில் நின்று சொன்னால் போதும், கேட்கிறவர்கள் கேட்பார்கள். காட்டாமலே சொல்லத் தெரிந்த வழிகாட்டிகளைத் தேடிப் பிடியுங்கள்.

ஆச்சி சென்னைக்குப் போய் ஒரு வாரம் கழித்துப் போன் பண்ணினார். அடுத்த தையில் அவருடைய தங்கச்சியைக் கூட்டி வருகிறாராம், அவருக்கு எழுபத்தெட்டு. ஓரியூர் விட்டுப்போனதை ஞாபகம் வைத்திருக்கிறார். அந்த எனாமல் தூக்கு வீட்டுக்குக் கொடுக்க உப்புச் சீடையும் மணகோலமும் செய்து எடுத்து வருவாராம், என்னிடம் வழி கேட்டார். வழி எனக்குத் தெரியும்.

நீங்கள் வரைபடம் அச்சடிக்கிற வரை, மரம் வளர்கிற வரை, நான் காத்திருக்கத் தயார். தைக்குள் ஒன்று மட்டும் செய்துவிடுங்கள். அந்த டால்பின் படம் போட்ட கதவில், சாவி யாரிடம் இருக்கிறது, அவர் வீடு எது என்று ஒரு வரி எழுதிப் போட்டுவிடுங்கள். சாக்பீஸில் எழுதினாலும் போதும்.

இப்படிக்கு,
காரைக்குடி வாடகைக் கார் ஓட்டுநர் ஒருவர்